லாரியின் மேலிருந்தே சுட்ட டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள்: வட ஆப்பிரிக்கா, 1941–42

கேள்வி:
இரண்டாம் உலகப் போரின் வட ஆப்பிரிக்கப் புகைப்படங்களில், சிறிய டாங்கி எதிர்ப்புப் பீரங்கியொன்று திறந்த லாரியின் தளத்தில், குழல் பின்புறம் பார்த்தபடி நிற்பதைக் காண்கிறேன். இழுத்துச் செல்வதற்கென்றே செய்யப்பட்ட பீரங்கியைப் பிரிட்டிஷார் ஏன் லாரியில் ஏற்றினார்கள்? கவசமில்லாத வண்டியிலிருந்து டாங்கிகளை எதிர்ப்பது தற்கொலைக்கு ஒப்பானதல்லவா?

மறுமொழி 1:
முதற்காரணம் பாதைதான். 'இரண்டு பவுண்டர்' எனப்பட்ட அந்த 40 மி.மீ. பீரங்கி சுமார் 800 கிலோ எடை கொண்டது. கல் நிறைந்த லிபியப் பாலையில் நெடுந்தொலைவு வேகமாக இழுத்தால் அதன் வண்டிச்சட்டம் தாங்கவில்லை. எனவே ஒன்றரை டன் லாரிகளில் ஏற்றி, இறக்குவதற்குச் சாய்பலகைகளும் வின்ச்சும் (கம்பிவடத்தால் இழுக்கும் பொறி) பொருத்தினார்கள். இந்த அமைப்புக்குப் 'போர்டீ' என்று பெயர். களத்தில் இறக்கிவைத்தே சுட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் டாங்கிகள் நெருங்கும் வேளையில் இறக்குவதற்கோ மறுபடி ஏற்றுவதற்கோ அவகாசம் எங்கே? குழல் பின்னோக்கி இருந்தபடியால், சுட்டு முடித்ததும் ஓட்டுநர் வண்டியைத் திருப்பாமலேயே முன்னால் செலுத்தித் தப்பிவிடலாம் என்பதால், வீரர்கள் லாரியின் மேலிருந்தே சுடத் தலைப்பட்டார்கள்.

மறுமொழி 2:
'தற்கொலை' என்ற ஐயம் வீண் அல்ல. மறைவே இல்லாத சமவெளியில் லாரியின் உயரம் தொலைவிலிருந்தே காட்டிக்கொடுத்தது. பீரங்கியின் முன்தகட்டைத் தவிர வீரர்களுக்கு வேறு காப்பில்லை. அவர்களுக்குக் கிடைத்ததோ கவசம் துளைக்கும், வெடித்துச் சிதறாத திடக்குண்டு மட்டுமே. ஆகவே எதிரிப் பீரங்கிக் குழுவினரைச் சிதறடிக்க வழியில்லை. ஜெர்மன் டாங்கிகளோ இவர்களின் பீரங்கி எட்டாத தொலைவிலிருந்தே வெடிகுண்டுகளை வீசின. 1941 நவம்பர் 21 அன்று லிபியாவின் சிதி ரெசெக்கில் சுமார் அறுபது டாங்கிகள் தாக்கியபோது, இளம் அதிகாரி ஜார்ஜ் வார்ட் கன், குழுவினர் வீழ்ந்துவிட்ட ஒரு போர்டீயில் ஏறி, வண்டி தீப்பற்றி எரிந்த நிலையிலும் சுட்டு, இரண்டு டாங்கிகளைக் கொளுத்திய பின்னரே மாண்டார். இறந்தபின் அவருக்குப் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. என் கணிப்பில், அந்த நாள் கன்னின் துணிவுக்குச் சான்று. போர்டீயின் தகுதிக்கு அன்று.

கேட்டவர்:
நன்றி ஐயா. எதிர்த்தரப்பிலும் இப்படிச் செய்தார்களா? 1942-இல் பெரிய பீரங்கியான 'ஆறு பவுண்டர்' வந்தபின் நிலைமை மாறியதா?

மறுமொழி 3:
இத்தாலியர்களும் செய்தார்கள், கைப்பற்றிய பிரிட்டிஷ் மோரிஸ் லாரிகளிலேயே தங்கள் பழைய 65 மி.மீ. பீரங்கிகளைப் பொருத்தினார்கள். லான்சியா கனரக லாரிகளில் 90 மி.மீ. பீரங்கியையும் ஏற்றினார்கள் (அதன் பின்னுதைப்பைத் தாங்க வண்டியின் பக்கங்களில் தாங்குகால்களை ஊன்ற வேண்டியிருந்தது).

57 மி.மீ. ஆறு பவுண்டருக்கும் போர்டீ லாரிகள் இருந்தன. ஆயினும் அதன் வலிமை மிகுதி என்பதால், தாழ்வாக மண்ணில் புதைத்துவைத்துக் காத்திருப்பதே பலன் தந்தது. எகிப்தில் நடந்த எல் அலமைன் போரில், 1942 அக்டோபர் 27 அன்று, 'ஸ்னைப்' என்ற நிலையில் பள்ளமொன்றில் பதுங்கவைக்கப்பட்ட 19 ஆறு பவுண்டர்கள் சுமார் முப்பது டாங்கிகளை வீழ்த்தின. அந்த இடத்தில் லாரியின் மேல் நின்றிருந்தால், முதல் மணி நேரத்தைக்கூட அவை தாண்டியிருக்குமா என்பது ஐயமே.