பைண்ட் மேம்படுத்திய பிறகு சில கணினிகளுக்கு மட்டும் இணையம் இல்லை – அவசரம்

கயல்: தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வரில், அந்த வேலையைச் செய்யும் பைண்ட் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். இதுவரை யார் கேட்டாலும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கையோடு அதையும் எங்கள் நெட்வொர்க்குக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினேன். இப்போது சில கணினிகளில் எந்தத் தளமும் திறக்கவில்லை, மற்றவற்றில் சிக்கல் இல்லை. உடனே உதவுங்கள்.

மாறன்: எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு? எந்த வரியால் கட்டுப்படுத்தினீர்கள்? அந்தக் கணினியில் டிஎன்எஸ் சர்வரைக் கேட்டுப் பார்க்கும் டிக் கட்டளை கொடுத்தால் என்ன வருகிறது?

தென்றல்: ஃபயர்வால்தான், வேறென்ன. டிஎன்எஸ் கேள்விகள் வரும் 53ஆம் போர்ட்டைப் பாருங்கள்.

மாறன்: ஃபயர்வால் என்றால் பெரும்பாலும் பதிலே வராது, காத்திருந்து ஓய்ந்துவிடும். "ரெஃப்யூஸ்டு" (மறுக்கப்பட்டது) என்று வந்தால் மறுப்பது பைண்ட். அதற்காகத்தான் டிக் கேட்டேன்.

கயல்: ரெஃப்யூஸ்டு என்றுதான் வருகிறது. 9.3இலிருந்து 9.18. பொது அமைப்பில், யார் கேட்கலாம் என்று சொல்லும் அலோ-கொயரி வரியைப் போட்டு, எங்கள் முகவரிகள் எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறேன். ஒன்றும் விடுபடவில்லை.

பழையவேர்: 9.3ஐ இத்தனை காலம் ஓட்டியவருக்கு இன்று அவசரமா? 2007இல் 9.4 வந்தபோதே ரிகர்ஷனை (பிறர் டொமைன்களையும் தேடிப் பதில் சொல்வதை) அண்டை நெட்வொர்க்குகளுக்கு மட்டும் என்று இயல்பாகவே சுருக்கிவிட்டார்கள். கையேட்டைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். போகட்டும். பட்டியல் போக வேண்டிய இடம் அலோ-ரிகர்ஷன். அதே சர்வரில் உங்கள் சொந்த டொமைனும் இருந்தால், பொது அமைப்பில் போட்ட அலோ-கொயரி வெளியுலகத்தையும் சேர்த்துத் துரத்திவிடும். அந்த சோனுக்குள் (அந்த டொமைனுக்கான அமைப்புப் பகுதிக்குள்) தனியாக "எனி" (யாரும் கேட்கலாம்) கொடுக்க வேண்டும்.

தென்றல்: எப்படியும் டிசிபி 53ஐ மூடிவிடுங்கள். அது சோன் டிரான்ஸ்ஃபருக்கு (டொமைன் பதிவுகளை இன்னொரு சர்வருக்கு நகலெடுக்க) மட்டும்தான் தேவை.

பழையவேர்: இந்தக் கட்டுக்கதை இன்னும் சாகவில்லையா? டிஎன்எஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் யுடிபியில் அடங்காத பதில் வெட்டுப்பட்டு வந்தால், அடுத்து டிசிபியில்தான் கேட்க வேண்டும். 2016இல் வந்த இணைய நெறிமுறை ஆவணம் ஆர்எஃப்சி 7766ஐப் படியுங்கள்.

தென்றல்: நான் மூடித்தான் வைத்திருக்கிறேன், ஒருவரும் குறை சொன்னதில்லை.

பழையவேர்: உங்களிடம் சொல்லிப் பயனில்லை என்று விட்டிருப்பார்கள்.

நிலவன்: ரிகர்ஷனுக்கு அன்பவுண்ட் என்ற வேறு மென்பொருளைத் தனியாக வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

மாறன்: நல்ல யோசனைதான், ஆனால் இன்றைக்கு உதவாது. கயல், சர்வர் லாகில் (நிகழ்வுப் பதிவில்) "டினைடு" என்ற சொல் உள்ள வரி இருக்கும். அதில் கேட்டவரின் முகவரி என்ன? அதை மட்டும் பாருங்கள்.

கயல்: பார்த்தேன். நீளமாக, முக்காற்புள்ளிகளோடு இருக்கிறது.

மாறன்: அது ஐபிவி6, புதிய வகை முகவரி. உங்கள் பட்டியலில் பழைய வகையான ஐபிவி4 மட்டும்தானே இருக்கிறது? 9.10 முதல் பைண்ட் தானாகவே ஐபிவி6இலும் காது கொடுக்கிறது. முன்பு அந்த வழியில் பதிலே வராததால் கணினிகள் ஐபிவி4க்குப் போயிருக்கும். இப்போது மறுப்பு உடனே வருவதால் சில அதோடு நின்றுவிடுகின்றன. உங்கள் ஐபிவி6 பிரிஃபிக்ஸை (நெட்வொர்க்கின் முகவரித் தொகுதியை) சேர்த்து, அமைப்பில் பிழை இருக்கிறதா என்று காட்டும் நேம்டு-செக்கான்ஃப் ஓட்டிப் பார்த்துவிட்டு ரீலோடு செய்யுங்கள்.

கயல்: வேலை செய்கிறது. நன்றி!

பழையவேர்: உங்கள் டொமைன் வெளியிலிருந்து திறக்கிறதா? சோனில் "எனி" போட்டீர்களா?

மாறன்: கயல்?