புதுப்பிப்பு: சேஃப்டியைத் தள்ளியதும் வெடிக்கும் போல்ட் ரைபிள்

டிரிகரைத் தொடாமல், சேஃப்டியை (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டை) விடுவித்ததுமே ரைபிள் சுடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். சுடும். ரெமிங்டன் 700 ரைபிளின் பழைய வாக்கர் டிரிகரில் கனெக்டர் என்ற சின்னத் தகடு டிரிகரோடு இணைக்கப்படாமல் ஸ்பிரிங் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. இடுக்கில் தூசியோ கெட்டிப்பட்ட எண்ணெயோ சிக்கினால் அது தன் இடத்துக்கு முழுசாகத் திரும்பாது; சுடும் ஊசியைத் தடுத்து நிறுத்தும் சியர் என்ற பாகத்துக்குப் பிடிப்பு போய்விடும். பிறகு சியரைத் தாங்கி நிற்பது சேஃப்டி மட்டுமே; அதை விடுவித்ததும் சுட்டுவிடும்.

பின்னால் வந்த எக்ஸ்-மார்க் புரோ டிரிகரிலும் சிக்கல்: தயாரிப்பில் போட்ட பசை அதிகமானதால், 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை தயாரானவை திரும்பப் பெறப்பட்டன.

சோதனை இப்படி: மேகஸினைக் காலி செய்து, சேம்பரை (குழலில் தோட்டா அமரும் இடத்தை) கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். குழல் பாதுகாப்பான திசையில். போல்ட்டை (சேம்பரை அடைக்கும் உலோகத் தண்டை) மூடி, சேஃப்டி போட்டு, டிரிகரை அழுத்தி விடுங்கள். விரலை எடுத்தபின் சேஃப்டியைத் தள்ளுங்கள். 'கிளிக்' கேட்டால் துப்பாக்கி நேரே ஆயுதப் பழுதாளரிடம் போகட்டும். கேட்காவிட்டாலும் நிம்மதி வேண்டாம். இந்தக் கோளாறு விட்டுவிட்டு வரும்.

டிரிகருக்குள் எண்ணெய் மட்டும் ஊற்றாதீர்கள்.