பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்காக ஒரு உதவி

வணக்கம். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், கணிதம்-உயிரியல் பிரிவு. பொறியியல் படிக்க ஆசை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள் என்பது வரை எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருவாள்.

சிக்கல் இயற்பியல். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் கணக்காகப் போட்டுத் தள்ளுகிறாள். கணிதத்தில் 90-க்குக் குறைவதில்லை. இயற்பியலில் 52! டியூஷனுக்கு இப்போது வசதி இல்லை. வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் என்னோடு வேலைக்கு வந்துவிடும். பாடப்புத்தகத்தை மட்டும் வைத்து எப்படித் தேற்றுவது?

அப்புறம், முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பிக்கலாமா, பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகா? பிள்ளைகளைச் சேர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.