ஈசிஎம் (எஞ்சின் கொம்பியூட்டர்) புரோகிராம் பண்ணேக்க பற்றரிக்கு எந்தச் சாஜர் போடுறது?

சுன்னாகம்_கராஜ்:
வணக்கம். ஜப்பானில இருந்து வந்த வாகன்-ஆர் எம்எச்55எஸ் ஹைபிரிட் ஒண்டுக்கு, எஞ்சின் கொம்பியூட்டருக்குப் புதுக் கலிபிரேஷன் (எஞ்சினை ஓட்டுற புரோகிராம் பைல்) ஏத்தவேணும். லப்ரொப்பை வாகனத்தோட இணைக்கிற ஜே2534 பெட்டியும் லப்ரொப்பும் இருக்கு. சாஜர் 10 அம்பியர். அதைக் குடுத்துக்கொண்டே செய்யலாமோ? இடையில கறண்ட் நிண்டா? ஸ்கானர் வின் நம்பரையும் (வாகன அடையாள எண்) எடுக்குதில்லை.

கொக்குவில்_வயரிங்:
தம்பி, அந்தச் சாஜரோட தொடங்கவே வேண்டாம். சாதாரண சாஜரில கறண்ட் சீரா வராது, துடிச்சுத் துடிச்சுத்தான் வரும். மல்ற்றிமீற்றரை ஏசி வோல்ற்றில வைச்சுப் பற்றரி முனையில பிடிச்சுப் பாருங்கோ. 0.1க்கு மேல காட்டினா இந்த வேலைக்கு ஆகாது. 10 அம்பியரும் காணாது. எழுதுற நேரம் கன வாகனங்களில ரேடியேற்றர் ஃபான் தானா முழு வேகத்தில சுத்தும், வோல்ற்றேஜ் சடாரெண்டு விழும். 13.5 வோல்ற்றில அசையாமல் நிக்கிற, 50 அம்பியராவது தாற பவர் சப்ளை எடுங்கோ. கிளிப் பொனற்றுக்குக் கீழ இருக்கிற ஈயப் பற்றரிக்குத்தான். சீற்றுக்குக் கீழ இருக்கிற லிதியம் பற்றரியில கைவைக்காதேங்கோ.

பவர் சப்ளை கிடைக்காட்டி, முழுசாச் சாஜ் ஏறின இன்னொரு 12 வோல்ற் பற்றரியை ஜம்பர் வயரால பக்கத்தில சேர்த்துக் குடுங்கோ. கறண்ட் நிண்டாலும் அதுக்கு ஒண்டும் ஆகாது. வோல்ற்றேஜ் 12.5க்குக் கீழ நிண்டாத் தொடங்காதேங்கோ. ஏசி, லைற், ரேடியோ எல்லாம் ஓஃப்.

லப்ரொப்பில ஸ்லீப், தானா அப்டேற் ஆகிறது ரெண்டையும் நிப்பாட்டுங்கோ. புளூரூத் வேண்டாம், யூஎஸ்பி வயர்தான்.

ஓபிடி16:
வின் வராதது பழுதில்லை. ஜப்பான் உள்ளூர் வாகனத்துக்கு 17 எழுத்து வின் கிடையாது, சேசிஸ் நம்பர்தான். மொடலைக் கையால தெரிவு செய்து, எஞ்சின் கொம்பியூட்டரில ஒட்டியிருக்கிற பாட் நம்பரையும் ஸ்கானர் காட்டுற கலிபிரேஷன் நம்பரையும் ஃபோனில படம் எடுத்து வைச்சிட்டு, புதுப் பைலோட ஒவ்வொரு எழுத்தாப் பொருத்திப் பாருங்கோ. வேற நாட்டு மொடலின்ர பைலை ஏத்தினா வாகனம் கிளம்பாமலும் போகலாம்.

ஒண்டு கேக்கிறன், எந்தப் பழுதுக் கோட்டுக்காக இதைச் செய்யிறியள்? பி0171 (கலவையில காத்துக் கூடி எரிபொருள் குறைஞ்சிருக்கு) எண்டா முதல்ல இன்ரேக் பக்கம் காத்து உறிஞ்சுதோ எண்டு பாருங்கோ. ஓட்டையைப் பைல் அடைக்காது.

சுன்னாகம்_கராஜ்:
நன்றி அண்ணை. கோட் இல்லை, உற்பத்தியாளர் விட்ட அப்டேற்தான். பாதியில நிண்டா மீட்கலாமோ?

ஓபிடி16:
பெரும்பாலும் மீட்கலாம். பழைய புரோகிராமை அழிச்சுப்போட்டுத்தான் புதுசை எழுதும்; அதாலதான் பாதியில நிண்டா எஞ்சின் ஸ்ராட் ஆகாது. ஆனா பூற்லோடர் (புதுப் பைலை வாங்கி எழுதுற சின்னப் புரோகிராம்) வேற பகுதியில இருக்கு, அது அழியாது. பதறிப்போய்ப் பற்றரியைக் கழட்டாதேங்கோ. வோல்ற்றேஜைச் சரிபார்த்து, அதே பைலை முதல்ல இருந்து ஏத்துங்கோ.

அப்பவும் தொடர்பு வராட்டி ஓபிடி சொக்கற்றை (ஸ்கானர் செருகிற இடம்) பாருங்கோ. 16ஆம் பின்னில 12 வோல்ற், 4லும் 5லும் ஏர்த். பிறகு பற்றரி நெகற்றிவ்வைக் கழட்டி 6க்கும் 14க்கும் (கொம்பியூட்டர்கள் பேசுற கான் வயர் ரெண்டும்) இடையில ஓம் அளவுங்கோ. 60 எண்டா வயர் சரி. 120 எண்டா ஒரு பக்கம் அறுந்திருக்கு. 0க்குக் கிட்ட எண்டா ரெண்டு வயரும் முட்டுது. வயர் சரியா இருந்தும் பேசாட்டி, எஞ்சின் கொம்பியூட்டரைக் கழட்டி மேசையில வைச்சு, பூற் மோட்டில (சிப்போட நேரடியாப் பேசுற முறை) எழுதவேணும்.

வடிவா முடிஞ்சாலும் வாகனத்தின்ர மற்றக் கொம்பியூட்டர்களில யு0100 (எஞ்சின் கொம்பியூட்டரோட தொடர்பு இல்லை எண்ட கோட்) விழுந்திருக்கும். அந்தக் கோட் எல்லாத்தையும் அழிச்சிட்டு, த்ரொட்டில் ஐடில் லேர்ன் (எஞ்சின் சும்மா ஓடுற வேகத்தைத் திரும்பப் பழக்கிறது) செய்துபோட்டு வண்டியைக் குடுங்கோ.