மறுமொழி: பிரஷ்டு மெட்டலுக்குத் தமிழ்ச்சொல் – ‘தூரிகை உலோகம்’ வேண்டாமே

எல்லோருக்கும் வணக்கம்.

காவடி சுவரொட்டி வேலை தலைக்கு மேல் இருந்ததால், படம் வரையும் மென்பொருளுக்கு நாம் போடும் தமிழ்ச் சொற்பட்டியல் பற்றிய இந்த இழையை மூன்று நாள் திறக்கவே இல்லை. இன்று ஒரே மூச்சில் படித்தேன், கொஞ்சம் பயமாகிவிட்டது, ஏனென்றால் ஏறக்குறைய முடிவே எடுத்துவிட்டீர்கள்.

> பிரஷ் = தூரிகை என்று முன்பே ஏற்றுக்கொண்டோம். ஆகவே பிரஷ்டு மெட்டல் = தூரிகையிட்ட உலோகம், சுருக்கமாகத் தூரிகை உலோகம்.

ஐயா, சறுக்குவது இந்த ‘ஆகவே’யில்தான். அந்த பிரஷ் வேறு, இந்த பிரஷ் வேறு. எஃகுத் தகட்டைக் கம்பி பிரஷ்ஷாலோ உப்புத்தாளாலோ ஒரே திசையில் தேய்த்தால் மெல்லிய கோடுகள் நெருக்கமாக விழுமே, லிப்ட் கதவிலும் பிரிட்ஜ் முகப்பிலும் பார்க்கிறோமே, அதுதான் இது. வண்ணம் பூசுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சங்கப் பாட்டில் பாதிரிப்பூவின் துய்யான தலைக்கு ஓவியர்கள் அரக்கு ஊட்டிய துகிலிகையை (நம் தூரிகைதான்) உவமையாகச் சொல்லியிருக்கிறார்கள். பூவுக்கு உவமையாகிற அளவு மெத்தென்ற சாமான் அது, அதை வைத்து எஃகில் கீறல் போடவா?

மொரீசியஸில் எங்களுக்கு இது சட்டென்று உறைப்பதற்குக் காரணம் பிரெஞ்சு. எங்கள் ஆட்களில் பலர் மென்பொருளைப் பிரெஞ்சில்தான் வைத்திருக்கிறார்கள். ஓவியர் கையில் இருப்பது பேன்சோ, பல் தேய்ப்பதும் தரை தேய்ப்பதும் ப்ரோஸ். இந்த உலோகத்துக்கு ‘மெத்தால் ப்ரோஸே’ என்று பெயர், தேய்த்த உலோகம், அவ்வளவுதான். (அவர்களும் முழுச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். ஜிம்ப் என்ற படமென்பொருளில் கருவிக்குப் பேன்சோ என்றும் அதில் மாட்டும் முனைக்கு ப்ரோஸ் என்றும் போட்டிருக்கிறார்கள்.)

ரோஸ் ஹில்லில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித்தருகிறேன். போன மாதம் நானே அவசரத்தில் கைத்தாளில் ‘தூரிகை உலோகம்’ என்று எழுதிவிட்டேன். ஒரு பையன் அரைமணி நேரம் தூரிகைப் பலகத்தில் அதைத் தேடிக்கொண்டிருந்தான். தப்பு அவனுடையதா? அந்தத் தோற்றம் வருவதற்குத் தூரிகையைத் தொடவே வேண்டாம். சாம்பல் நிற அடுக்கு, அதில் ஒற்றை நிறப் புள்ளி இரைச்சல் (நாய்ஸ்), அப்புறம் கோணம் 0 வைத்து நீளமாக ஒரு அசைவு மங்கல் (மோஷன் ப்ளர்). புள்ளியெல்லாம் இழுபட்டுக் கோடாகிவிடும். ஓரங்களில் மட்டும் அசிங்கமாகத் திட்டு விழும், அதனால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக எடுத்துக்கொண்டு கடைசியில் வெட்டிவிட வேண்டும்.

சரி, என்ன பெயர் வைப்பது? டர்பன் அக்கா சொன்ன ‘உரசிய உலோகம்’ பரவாயில்லை, ஆனால் உரசினால் பளபளப்பும் வரலாம் கீறலும் வரலாம், எது வந்தது என்று அந்தச் சொல்லில் இல்லை. எஃகுப் பாத்திரத்தைக் கவிழ்த்து விளக்குக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். கடையும்போது விழுந்த நுண்கோடுகள் வட்டம் வட்டமாக ஓடும், ஆனால் வெளிச்சம் வட்டமாக நிற்காது, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விசிறி மாதிரி விரியும். பாத்திரத்தைச் சுழற்றினாலும் விசிறி அங்கேயே நிற்கும். கோட்டுக்குக் குறுக்கேதான் ஒளி இழுபடும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம், இந்த உலோகத்தை வரைகிறவர் பாதி நேரம் கோட்டோடுதான் மல்லுக்கட்டுகிறார். அப்படியானால் பெயரிலும் கோடு இருக்கட்டும்.

என் முன்மொழிவு: வரிமெருகு.

மெருகு நம் தட்டார் பட்டறைச் சொல், எல்லோருக்கும் தெரியும். வரி வரிக்குதிரையில் இருக்கிற வரி. பிரஷ்டு மெட்டல் என்றால் வரிமெருகு உலோகம். முகம் தெரிகிற அளவு துலக்கினால் கண்ணாடிமெருகு, பளபளப்பே இல்லையென்றால் மங்கல்மெருகு, பாத்திர அடி மாதிரி வட்டமாக இருந்தால் சுழல்வரிமெருகு. ஒரு சொல்லைப் பிடித்தால் குடும்பமே கூட வருகிறது.

தூரிகைக்கு வேலை இல்லை என்று சொல்லவில்லை, அதன் வேலை வேறு. பாம்ப்ளெமூஸ் பக்கம் போ ப்ளானில் பழைய கரும்பாலை இப்போது சர்க்கரை அருங்காட்சியகம். அது மாதிரிப் பழைய இயந்திரத் தகடு ஒன்றை வரைய ஒரு தறையாணித் தலையைப் (பட்டறையில் ரிவிட் என்றால்தான் புரியும்) போனில் படம் எடுத்து, நிறம் நீக்கி, தூரிகை முனையாக மாற்றினேன். ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் உள்ள இடைவெளி 25 விழுக்காட்டில் இருந்தால் தலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பூரான் மாதிரி ஆகிவிடும், 200க்குக் கொண்டுபோனதும் வரிசையாக உட்கார்ந்தன. அழகாக இருக்கிறதே என்று, முனை இழுக்கும் திசைக்குத் திரும்பும்படி வைத்துவிட்டு வளைவைச் சுற்றினேன். முனைக்குள்ளேயே பளிச்சென்ற ஒளிப்புள்ளி இருந்ததால் அதுவும் கூடவே திரும்பியது, ஆணிக்கு ஒரு சூரியன். முனையில் வடிவம் மட்டும்தான் இருக்க வேண்டும், மேடுபள்ளமும் ஒளியும் அடுக்கின் விளைவிலிருந்து வரட்டும் என்று அன்றைக்குப் புத்தி வந்தது. அதனால் பட்டியலில் ‘தூரிகை’ கருவிக்கும் ‘தூரிகை முனை’ அச்சுக்கும் என்று தனித்தனியாகப் போட வேண்டும், இரண்டையும் தூரிகை என்றே எழுதினால் மேலே சொன்ன பத்தியை என்னால் தமிழில் எழுதியிருக்கவே முடியாது.

இன்னொன்று, வேல் வரைகிறவர்களுக்கு: பித்தளையின் மினுக்கத்தை வெறும் வெள்ளையில் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் ஆகிவிடும். பித்தளையும் செம்பும் பொன்னும் தங்கள் நிறத்தையே ஒளியில் ஏற்றிக் காட்டும்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு நீளமா என்று கேட்காதீர்கள். 1998இல் புது ரூபாய் நோட்டில் தமிழை மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார்கள் என்று கிளர்ந்து அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்த ஊர் எங்கள் மொரீசியஸ்.

—

> வரிமெருகு நன்றாக இருக்கிறது. ஆனால் வரி என்றதும் எனக்கு வருமானவரிதான் ஞாபகம் வருகிறது தம்பி. கீறல்மெருகு என்றால் என்ன?

அக்கா, கீறல் என்றால் வாங்கிய அன்றே பாத்திரத்தைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கீறல் தானாக விழுந்த சேதம், இது வேண்டுமென்றே போட்ட கோடு. துருப்பிடித்த தகட்டில் தூரிகை முனையால் தாறுமாறாகப் போடுகிறோமே, அதற்குக் கீறல் வேண்டும், அதை இங்கே செலவழிக்க வேண்டாம். வருமானவரிக்கு நீங்கள் பயப்படுவது நியாயம்தான், ஆனால் மெருகு ஒட்டியதும் அந்தப் பயம் போய்விடுகிறது, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மறுப்பு இல்லையென்றால் வெள்ளிக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன், கைத்தாளையும் திருத்த வேண்டும்.