விபத்துக்குப் பிறகு அந்தச் சாலை

பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். லாரி மோதியதில் எனக்குக் கை எலும்பு முறிந்தது. ஓட்டி வந்த நண்பன் பிழைக்கவில்லை.

கட்டுப் பிரித்த பிறகுதான் நிஜமான கஷ்டம் தொடங்கியது. எங்காவது சடன் பிரேக் சத்தம் கேட்டால் உடம்பு விறைக்கும், வாய் உலர்ந்துவிடும். முதலில் அந்தச் சாலையைத் தவிர்த்தேன், அப்புறம் லாரி ஓடும் எல்லாச் சாலைகளையும். ஒதுங்கினால் பயம் குறையும் என்று நம்பினேன். ஒதுங்க ஒதுங்க அது வளர்ந்தது. "உயிர் தப்பினியே, அதை நினைச்சு சந்தோஷப்படு" என்றார்கள். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் நான் மட்டும் தப்பியதுதான் என்னை அறுத்தது.

நாலு மாதம் கழித்து மனநல ஆலோசகரிடம் போனேன். முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் பலருக்கு வந்து தானே தணியும், ஒரு மாதம் தாண்டியும் அன்றாடத்தை முடக்கினால்தான் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் விடாமல் தொடரும் மனநலப் பாதிப்பு) என்று பார்ப்போம் என்றார். அமெரிக்க மனநலக் கையேட்டில் 1980-லேயே ஏறிய நோய். என் கோழைத்தனம் இல்லை என்று தெரிந்ததும் அங்கேயே அழுதுவிட்டேன்.

கண்ணை மூடி, நடந்ததை இப்போது நடப்பதுபோலச் சொல்லச் சொன்னார். முதல் தடவை பாதியில் எழுந்து வந்துவிட்டேன். ஆறாவது தடவை, மறந்தே போயிருந்த ஒன்று திரும்பி வந்தது: சிக்னலில் நண்பன் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அதுவரை அவன் என்றால் ரத்தம் மட்டும்தான் ஞாபகம். பிறகு தங்கையோடு அந்தச் சாலைக்கு, கொஞ்சம் கொஞ்சமாக. இப்போது தனியாகப் போகிறேன்.

மறுமொழி:
எங்கள் வீடு எரிந்த வாரத்தில் தூக்க மாத்திரை கேட்டேன். டாக்டர் தரவில்லை, கோபம் வந்தது. அதிர்ச்சிக்குப் பின் முதல் மாதத்தில் பென்சோடயசபைன் வகை (பதற்றம் தணித்துத் தூக்கம் தரும்) மாத்திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-ல் சொன்னதைப் பிறகுதான் படித்தேன். எனக்கு உதவியது, பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு கண்ணில் படும் ஐந்து பொருள்களை வாய்விட்டுச் சொன்னது. அடுப்பை இன்னும் ராத்திரியில் எழுந்து பார்க்கிறேன். முன்பு பத்துத் தடவை, இப்போது ஒன்று.

மறுமொழி:
என் கணவரிடம் "என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று துளைத்தெடுத்தேன். அது தப்பு. அப்புறம் கேட்பதை விட்டேன். அவர் அலறி எழும் இரவுகளில் தொடாமல், விளக்கைப் போட்டு "என்னங்க, நான்தான்" என்பேன். சட்டென்று தொட்டால் இன்னும் மிரளுவார். ஒரு நாள் அவரே ஆரம்பித்தார். விடியும் வரை பேசினார்.