யாக்கோபின் ஆசீர்வாதத்தை வாலிபர்களுக்கு எப்படி விளக்குவது?

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். வாலிபர் கூட்டத்தில் வேதபாடம் எடுக்கிறேன். உங்கள் உதவி தேவை.

போன வாரம் ஒரு தம்பி, மூன்றாம் முறையும் தேர்வில் தோற்றவன், வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்: "நான் ஆசீர்வதிக்கப்பட்டவன் என்கிறீர்களே அண்ணா, அது எங்கே தெரிகிறது?" தேவனுடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற எரேமியா 29:11-ஐச் சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தின வசனமே அவர்கள் திரும்பி வர 70 வருஷம் ஆகும் என்கிறது. அவசர ஆறுதலாக அதை நீட்ட மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஆதியாகமம் 32-ஐத் திறந்தேன். 27-ஆம் அதிகாரத்தில் "நானே ஏசா" என்று அண்ணன் பெயரில் பொய் சொல்லித் தகப்பனிடம் ஆசீர்வாதம் வாங்கிய யாக்கோபிடம், யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் அவனோடு போராடியவர் "உன் பேர் என்ன?" என்று கேட்கிறார். இம்முறை உண்மையைச் சொல்கிறான். புதுப் பெயரும் ஆசீர்வாதமும் கிடைக்கின்றன. ஆனால் அந்தப் போராட்டத்தில் தொடை சுளுக்கியதால், விடியும்போது நொண்டிக்கொண்டே நடக்கிறான். அந்த நொண்டல் என்னை உலுக்கிவிட்டது.

இதை அந்தத் தம்பிக்குக் காயம்படாமல் எப்படிச் சொல்வது? நோக்கத்தைப் பற்றிப் பேச, நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிற எபேசியர் 2:10-ஐ இதோடு சேர்க்கலாமா, அடுத்த வாரத்துக்கு வைக்கலாமா? தோல்வியின் நடுவில் "நான் தேவனுடைய பிள்ளை" என்பதை உறுதியாகப் பிடித்துக்கொண்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால், இரண்டு வரியாவது எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடியும் வருவான். அவனுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.